படகில் கார் டீசல் என்ஜின் ஏற்றுவது: புதிதாக இறங்குபவர்களுக்கு

திருத்துறைப்பூண்டியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. அறுவடை எந்திரத்தின் புல்லி, போர்வெல் பம்பின் ஷாஃப்ட் என்று வயற்காட்டு வேலைதான் வரும். 2015இல் ஒருநாள் முத்துப்பேட்டையிலிருந்து சித்தப்பா ஒரு குட்டி யானை வண்டியில் அம்பாசிடர் டீசல் என்ஜினைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். "இத நம்ம படகுல மாட்டணும்டா. நீ ஷாஃப்ட்ட மட்டும் கடஞ்சு குடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் சொன்ன அந்த "மத்தது"தான் ஏழு மாதம் இழுத்தது. அதற்குப் பிறகு இன்னும் நான்கு படகுகளுக்குச் செய்துவிட்டேன். முதல் படகில் தவறாகச் செய்தவற்றை அடுத்தவர் செய்யாமலிருக்க இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் படகுக்கு இது ஆகுமா?

தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கம் திறந்த கரையில் அலையேறி மணலில் வந்து நிற்கும் ஃபைபர் படகு வைத்திருக்கிறீர்களா? இந்த வேலையை விட்டுவிடுங்கள். அந்தப் படகின் அடியில் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கரை நெருங்கியதும் தூக்கிவிடக்கூடிய நீள வால் என்ஜின்தான் அதற்குச் சரி. உள்ளே என்ஜின், அடியில் ஷாஃப்ட், அதன் நுனியில் புரொப்பல்லர் என்று போகும் இந்த அமைப்பு, தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்குத்தான். கொள்ளிடம் முகத்துவாரத்துப் பழையாறு, நாகையில் கடுவையாறு, கோரையாறு வழியாக லகூனுக்கு (கடலோரக் காயலுக்கு) போகும் முத்துப்பேட்டைப் படகுகள், அதிராம்பட்டினத்து வாய்க்கால்களில் கட்டியிருப்பவை, இவையெல்லாம் ஆகும். நீளம் 22இலிருந்து 30 அடி, சுமையோடு எடை 2 முதல் 4 டன் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மரமானாலும் ஃபைபரானாலும் முறை ஒன்றுதான்.

இன்னொரு வேலையை என்ஜின் வாங்குவதற்கு முன்பே முடியுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு வேண்டும். பதிவில் என்ஜின் விவரமும் இருக்கும். என்ஜினை மாற்றப்போவதை மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, என்ன தாள் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மானிய டீசலும் காப்பீடும் அந்தப் பதிவை ஒட்டித்தான் வரும். லகூனும் அலையாத்திக் காடும் வனத்துறையின் கையில் இருப்பதால், அந்தப் பக்கம் போகும் படகென்றால் அங்கேயும் ஒரு வார்த்தை.

எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும்?

எல்லாரும் இங்கே பேராசைப்படுவார்கள். ஒரு சின்னக் கணக்கு போதும். படகு தண்ணீரில் உட்காரும் கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அந்தப் படகு சிரமமில்லாமல் போகக்கூடிய அதிகபட்ச வேகம் நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) வரும். சித்தப்பா படகின் நீர்க்கோடு 24 அடி. வர்க்கமூலம் 4.9. வேகம் ஆறரை நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அதற்கு மேல் தள்ளினால் படகு தான் கிளப்பிய அலை மீது தானே ஏறப் பார்க்கும். டீசல் போகும், வேகம் வராது.

அந்த வேகத்தை ஒட்டி ஓட்ட, டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்று வைத்தால் 3 டன் படகுக்கு 12 போதும். மார்கழியில் வாடைக்காற்றை எதிர்த்துக் கோரையாற்றில் ஏற வேண்டும், கடல் பக்கம் வடியும் வத்த நீரையும் எதிர்க்க வேண்டும் என்று கூட்டிப் பார்த்தாலும் 20ஐத் தாண்டாது. அம்பாசிடர் 1.5 லிட்டர் டீசல் 4000 சுற்றில் 37 குதிரைத்திறன் தரும். நாம் 2000 சுற்றுக்கு மேல் போகப்போவதில்லை. அங்கே அது தருவது ஏறக்குறையப் பாதி. கணக்கு ஒத்துப்போகிறது.

ஏன் 2000? கார் என்ஜின் சாலையில் தன் முழுப் பலத்தையும் எப்போதாவதுதான் காட்டுகிறது. சிக்னலில் நிற்கும், இறக்கத்தில் சும்மா உருளும், எதிர்க்காற்று வந்து உடம்பை ஆற்றும். படகில் இறக்கமே கிடையாது. கரையை விட்டது முதல் கரை சேரும் வரை ஒரே ஏற்றம்தான். முழுச் சுமையோடு கொல்லிமலையில் காலை முதல் மாலை வரை ஏறிக்கொண்டே இருக்கும் காரை நினைத்துப் பாருங்கள், அதுவும் ஒரு மூடிய பெட்டிக்குள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சமாளிக்கத்தான்.

எந்த என்ஜின்?

ஒரே நிபந்தனை: டீசலைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க இயந்திரப் பம்பாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர், சென்சார், காமன் ரெயில் எதுவும் வேண்டாம். டர்போவும் வேண்டாம், அது கூடுதல் சூடு. டைமிங் பெல்ட் உள்ளதைவிடச் செயினோ கியரோ உள்ளது நல்லது.

அம்பாசிடர் 1.5 டீசல் என் முதல் தேர்வு. கார் உற்பத்தி 2014இல் நின்றுபோனாலும் என்ஜின் இன்னும் கிடைக்கிறது. பிரிட்டிஷ் பி.எம்.சி. கம்பெனியின் வடிவமைப்பு அது. அதே 1.5 டீசல் பிரிட்டனின் கால்வாய்ப் படகுகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "அப்ப வெள்ளக்காரனும் நம்மள மாதிரிதான்" என்றார். பழைய மகிந்திரா ஜீப்பில் வந்த 2.1 லிட்டர் பெஜோ என்ஜின், மேட்டடாரில் வந்த மெர்சிடிஸ் வடிவமைப்பு என்ஜின், இரண்டும் ஆகும். ஆனால் 4 டன் படகுக்கு. ஒன்றரை டன் படகுக்கு 2005இல் வந்த குட்டி யானையின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் என்ஜின் அளவாக இருக்கும். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். இரண்டு சிலிண்டர் என்பதால் ஆட்டம் அதிகம், அடித்தளத்தைப் பலமாகப் போட வேண்டும்.

இயந்திரப் பம்பு என்று அடம்பிடிப்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் சித்தப்பாவின் படகைத் தூக்கி அலையாத்திச் செடிகளுக்குள் செருகிவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது என்ஜின் பாதிக்கு மேல் சேற்றுத் தண்ணீரில். அன்று மாலையே நாசில்களைக் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றி சிலிண்டரிலிருந்த தண்ணீரைப் பீய்ச்சி வெளியேற்றினோம். நல்ல தண்ணீரால் வெளியே கழுவி, எண்ணெயை வடித்து, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சுற்றி மறுபடி வடித்து, புது எண்ணெய் விட்டோம். செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் போச்சு. என்ஜின் நான்காம் நாள் ஓடியது. ஒரு சர்க்யூட் போர்டு அதில் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. தண்ணீரில் மூழ்கிய என்ஜினை ஒருநாள் தாமதித்தாலும் சிலிண்டர் சுவரில் துரு பிடித்துவிடும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும். திருச்சி, தஞ்சாவூர் காயலாங்கடைகளிலும் கிடைக்கும். கார் பேட்டரியோடு போய், அங்கேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். "ஓடும் சார், நான் கேரண்டி" என்பவரிடம் வாங்காதீர்கள். எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தால் புகை விட்டுவிட்டுச் சீறக் கூடாது. கிளட்ச், பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட் வீடு, மீட்டர் வயர் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். தனித்தனியாகத் தேடினால் அலைச்சல். என்ஜின் எண்ணும் காரின் பதிவெண்ணும் எழுதிய ரசீது கட்டாயம். திருட்டு வண்டியின் என்ஜின் என்று பின்னால் தெரிந்தால் மீன்வளத்துறைப் பதிவும் சிக்கும்.

வந்ததும் பிரித்துவிடுங்கள். ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட், எண்ணெய் சீல் எல்லாம் புதிது. பம்பையும் நாசிலையும் பம்ப் கடையில் காலிபரேஷன் செய்யுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகரக் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்துவிட்டுப் பித்தளையில் போடுங்கள். உள்ளே ஓடப்போவது நல்ல தண்ணீரும் கூலண்டும்தான் என்பதால் பித்தளை தாங்கும். என்ஜின் படகில் உட்கார்ந்த பிறகு அந்தப் பிளக் ஒன்று அரித்துப்போனால், அதை எட்ட என்ஜினையே தூக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஆற்றல்: நாங்கள் அதிகம் அடிபட்ட இடம்

கார் என்ஜினுக்குள் உப்புத் தண்ணீரை நேராக விடவே கூடாது. ஆக, உள்ளே நல்ல தண்ணீர் சுற்ற வேண்டும். அதன் சூட்டை வெளித்தண்ணீர் எடுத்துப்போக வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, கடல்நீரை பம்ப் வைத்து இழுத்து ஒரு சூடு மாற்றும் பெட்டி வழியாக ஓட்டி வெளியே கொட்டுவது. இன்னொன்று, என்ஜினின் தண்ணீரையே படகுக்கு அடியில், ஏரா (நடு அடிக்கட்டை) ஓரமாகக் குழாயில் ஓட விட்டு, ஆற்றிலேயே ஆற வைப்பது.

முதல் படகில் முதல் வழியைச் செய்தோம். கோடையில் அழகாக ஓடியது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்தது. மேலே வாய்க்கால்களில் கிடந்த ஆகாயத்தாமரை மொத்தமும் கோரையாற்றில் இறங்கி வந்தது. உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வேர்க்கொத்து ஒட்டிக்கொள்ள, பம்பின் ரப்பர் விசிறி தண்ணீரில்லாமல் சுற்றிச் சில நிமிடத்தில் கருகியது. அலாரம் வைக்கவில்லை. சித்தப்பா மீட்டரைப் பார்த்தபோது முள் சிவப்பைத் தாண்டியிருந்தது. ஹெட் கேஸ்கட் போனது. சரி செய்து, பெரிய வடிகட்டி வைத்தோம். அடுத்த முறை சேறு, அதற்கடுத்த முறை சொறிமுட்டை (ஜெல்லி மீன்). இந்த டெல்டாவின் தண்ணீரைப் பம்பில் இழுக்கக் கூடாது என்று அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது.

இப்போது அடிக்குழாய் மட்டும்தான் போடுகிறேன். அளவுக் கணக்கு இப்படி. பிரிட்டனில் கால்வாய்ப் படகுக்காரர்கள் 4 குதிரைத்திறனுக்கு ஒரு சதுர அடி ஆற்றும் பரப்பு வைக்கிறார்கள். அது குளிர்ந்த தண்ணீருக்கு. நம் ஆற்றுத் தண்ணீர் சித்திரையில் 30 டிகிரிக்குக் குறையாது. ஆகவே நான் 2 குதிரைத்திறனுக்கு ஒரு சதுர அடி என்று இரட்டிப்பாக வைக்கிறேன். நாம் எடுக்கும் 20 குதிரைத்திறனுக்கு 10 சதுர அடி. ஒன்றேகால் அங்குல வெளிவிட்டக் குழாயில் அது ஏறக்குறைய 31 அடி நீளம். ஏராவுக்கு இரண்டு பக்கமும் 8 அடிக் குழாய் இரண்டிரண்டு வைத்தால் 32 அடி, முடிந்தது.

குழாய் செம்பு-நிக்கல் கலந்ததாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் கனமான செம்பு. இரும்பு வேண்டாம். நான்கு குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்காதீர்கள்; காரின் வாட்டர் பம்ப் அத்தனை நீளத்தைத் தள்ளத் திணறும். இரண்டு பக்கமும் தலைப்பெட்டி வைத்து, நான்கிலும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். குளிர்ந்தே ஓடும் டீசல் என்ஜின் கரி கட்டும், எண்ணெய் கெடும். என்ஜினுக்கு மேலே, எல்லாவற்றையும்விட உயரத்தில் ஒரு சின்னத் தொட்டி வேண்டும். தண்ணீர் விரிய இடமும், காற்றுக் குமிழ் வெளியேற வழியும் அதுதான்.

குழாய் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட் சூட்டைத் தடுக்கும். பெயின்ட் இல்லாததால் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிப்பி மாதிரி உயிர்) ஏறும். மாதம் ஒருமுறை வத்த நேரத்தில் படகைச் சாய்த்துப் போட்டு, மரக்கரண்டியால் சுரண்டிவிட வேண்டும். குழாய்க்கு முன்னும் கீழும் ஒரு கட்டை வைத்துக் காப்பது நல்லது, லகூனில் தரை தட்டாத நாளே கிடையாது.

அடிக்குழாய் போட்டால் கடல்நீரை இழுப்பதில்லை, புகையை ஆற்றப் புகைக்குழாயில் பீய்ச்சத் தண்ணீர் இருக்காது. அதனால் காய்ந்த புகைக்குழாய்தான், நேராக மேலே. மேனிஃபோல்டிலிருந்து தளம் தாண்டும் வரை கண்ணாடி நார் கயிறு இறுக்கச் சுற்றுங்கள். மரத்தளத்தைத் துளைக்கும் இடத்தில் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே இரட்டைச் சட்டை. என்ஜின் ஆடும், குழாய் ஆடாது. நடுவில் ஒரு நெளிகுழாய் வையுங்கள். மழை உள்ளே இறங்காமலிருக்க மூடி விற்கிறார்கள். சித்தப்பா என்ஜினை நிறுத்தியதும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிடுவார். ஸ்டார்ட் செய்ததும் அதுவே பறந்து விழும்.

கியர்பாக்ஸ், தள்ளுவிசை, புரொப்பல்லரின் கை

காரின் கியர்பாக்ஸையே வைத்து ஓட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓடும். முதல் படகில் அதைத்தான் வைத்தோம். மறுபடி செய்ய மாட்டேன். டாப் கியரில் ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும். சுமைப் படகுக்கு அது மிக வேகம், சின்ன புரொப்பல்லர் தண்ணீரைக் கடையுமே ஒழியத் தள்ளாது. கீழ் கியரில் நாள் முழுக்க ஓட்டினால் பல்லும் எண்ணெயும் காயும். எல்லாவற்றையும்விட முக்கியம், புரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது ஷாஃப்ட் அதே விசையோடு என்ஜினை முன்னால் தள்ளும். கார் கியர்பாக்ஸின் பேரிங் அந்தத் தள்ளலைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. பணம் இல்லாமல் அதைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஷாஃப்டில் கோன் ரோலர் பேரிங் போட்ட தனி பிளம்மர் பிளாக் ஒன்றை அடித்தளத்தில் போல்ட் செய்து, தள்ளலை அது வாங்கும்படி செய்யுங்கள்.

நல்ல வழி, 2க்கு 1 விகிதத்தில், படகுக்கென்றே செய்த ஒரு மெரைன் கியர்பாக்ஸ். தள்ளுவிசை பேரிங் அதற்குள்ளேயே இருக்கும். என்ஜினையும் அதையும் இணைக்க 16 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ஓர் இணைப்புத் தகடு வெட்ட வேண்டும். லேத் வேலையில் இதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டியது. டயல் கேஜின் காந்தக்காலை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளைத் தகட்டின் நடுத்துளையின் உள்சுவரில் தொட வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி சுற்று. எனக்கு ஒரு முறை மாலை 4 மணிக்கு ஆரம்பித்து இரவு 9 வரை ஆனது. சரியானதும் போல்ட்டை முறுக்கி, அந்த இடத்திலேயே இரண்டு டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் ஆணி) அடித்துவிடுங்கள். கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும். கியர்பாக்ஸோடு வரும் டேம்பர் பிளேட்டை ஃப்ளைவீலில் ஓட்டை போட்டு மாட்ட வேண்டும். அது இல்லாமல் நேராக இணைத்தால் டீசலின் அடி ஒவ்வொன்றும் கியர் பல்லில் போய் விழும்.

புரொப்பல்லர் வலக்கையா இடக்கையா? பின்னாலிருந்து பார்க்கும்போது முன்னோட்டத்தில் கடிகாரச் சுற்றில் சுற்றினால் வலக்கை. கார் என்ஜின் முன்பக்கம், அதாவது ஃபேன் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. பின்னாலிருந்து பார்த்தால் எதிர்ச்சுற்று. அதற்கு மேல் சில மெரைன் கியர்பாக்ஸ் சுற்றைத் திருப்பிவிடும், சில திருப்பாது. யோசித்துக் கண்டுபிடிக்காதீர்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, முன் கியரில் வைத்து, கிராங்கைச் சுற்றி, பின்னால் போய் நின்று கண்ணால் பாருங்கள். நாங்கள் இரண்டாவது படகில் என்ஜின் முன்னால் நின்று பார்த்து வலக்கை வாங்கினோம். தண்ணீரில் இறக்கி முன் கியர் போட்டதும் படகு கம்பீரமாகப் பின்னால் போய்க் கரையில் கட்டியிருந்த வலைப்படகை இடித்தது. படகுக்காரர் இரண்டு நாள் பின் கியர் போட்டே முன்னால் ஓட்டினார். பல கியர்பாக்ஸில் பின் கியர் கொஞ்ச நேரத்துக்குத்தான், அப்படி ஓட்டாதீர்கள்.

பிட்ச் (ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) கணக்கு: என்ஜின் 2000, ஷாஃப்ட் 1000 சுற்று. 12 அங்குல பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு ஓரடி, நிமிடத்துக்கு 1000 அடி, மணிக்கு 60,000 அடி. ஒரு நாட்டிக்கல் மைல் 6076 அடி, வகுத்தால் 9.9 நாட். சுமைப் படகில் 40 சதவீதம் வழுக்கலில் போகும். மிச்சம் ஆறு நாட், நமக்கு வேண்டியதும் அதுதான். விட்டம் 17 அங்குலம். படகின் அடிக்கும் இலை நுனிக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி. ஷாஃப்ட் 316 ஸ்டெயின்லெஸ், ஒன்றேகால் அங்குலம். பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி; அது கரைந்தால் ஷாஃப்டும் புரொப்பல்லரும் பிழைக்கும். உப்புத் தண்ணீரில் மூழ்கும் வால்வு, போல்ட் எதுவும் பித்தளையாக இருக்க வேண்டாம். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, பிஸ்கட் மாதிரி உதிரும். வெண்கலம் கேளுங்கள்.

அடித்தளமும் டிப்ஸ்டிக்கும்

என்ஜின் உட்காரும் நீளக்கட்டைகள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பாரத்தைப் படகின் பல விலா எலும்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். மரப்படகில் தேக்கோ வேங்கையோ. ஃபைபர் படகில் கட்டையை வைத்து மேலே கண்ணாடி நார்ப் பாயும் ரெசினும் போட்டு மூடுங்கள். என்ஜின் பின்பக்கம் சாய்ந்து உட்காரும். 10 டிகிரியைத் தாண்ட வேண்டாம். எண்ணெய்த் தொட்டியின் ஆழமான பக்கம் எது, உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது என்று சம்ப்பை (அந்தத் தொட்டியை) கழற்றியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஆழம் முன்பக்கம் இருந்தால், சாய்ந்ததும் எண்ணெய் பின்னால் ஓடிப் பம்ப் காற்றை உறிஞ்சும். அப்போது சம்ப்பை வெட்டி மாற்ற வேண்டியிருக்கும்.

சாய்ந்த என்ஜினில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். படகு தண்ணீரில் மிதக்கும்போது எண்ணெயை முழுதாக வடித்து, புது ஃபில்டர் போட்டு, கம்பெனி சொன்ன அளவை அளந்து ஊற்றி, ஓட்டி நிறுத்தி, கால் மணி நேரம் பொறுத்து குச்சியை எடுங்கள். எண்ணெய் தொட்ட இடத்தில் அரத்தால் ஒரு கோடு. பழைய கோடுகளை அரைத்து அழித்துவிடுங்கள். இரண்டு கோடும் இருந்தால் என்றாவது ஒருவர் பழையதைப் பார்த்துக் கூட ஊற்றுவார்.

என்ஜினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். சொட்டும் எண்ணெய் அதில் விழட்டும். படகின் அடித்தண்ணீரோடு கலந்து வெளியே இறைத்தால் அது நேராக இறால் குஞ்சு வளரும் அலையாத்தி வேருக்குப் போகும்.

ஷாஃப்டும் என்ஜினும் ஒரே கோட்டில்

கரையில் வைத்து அலைன்மென்ட் பார்ப்பது வீண் வேலை. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் வளையும். இறக்கி, இரண்டு நாள் ஊற விட்டு, வழக்கமான டீசலும் வலையும் ஏற்றி, அதன் பிறகு பாருங்கள். ஷாஃப்டையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகத்தையும் தொட வைத்து, மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜை நுழையுங்கள். 4 அங்குல கப்ளிங்கில் நான்கு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கீழே இடைவெளி அதிகமாக இருந்தால் என்ஜின் அளவுக்கு மேல் சாய்ந்திருக்கிறது: பின்காலுக்கு அடியில் தகடு வை, மறுபடி அள. ஷாஃப்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி. பொறுமையில்லாதவர் இதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸின் கிளாண்ட் கயிறு, ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விட வேண்டும். சொட்டே இல்லை என்று மகிழாதீர்கள். இறுக்கம் அதிகம், ஷாஃப்ட் சூடாகி அரியும். பாக்ஸின் மேல் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது.

டீசலும் வயரும்

டீசலில் தண்ணீர் கலப்பது இங்கே அன்றாடம். தொட்டியின் அடியில் வடிகுழாய், பிறகு கண்ணாடிக் கிண்ணம் வைத்த தண்ணீர் பிரிப்பான், பிறகு வடிகட்டி. பம்பிலிருந்து திரும்பும் குழாயைத் தொட்டிக்கே கொண்டுபோக மறக்காதீர்கள்.

காரில் எர்த் என்றால் உடம்பு இரும்பு. படகுக்கு அது கிடையாது. பேட்டரியிலிருந்து கனமான இரண்டு கேபிளும் என்ஜினுக்குப் போக வேண்டும். சாவியை அணைத்தால் நிற்கும் சொலினாய்டு வகைப் பம்ப் என்றால், ஒரு வயர் உப்பில் அரித்தாலே நடு ஆற்றில் என்ஜின் நிற்கும். இழுத்து நிறுத்தும் கேபிளாக மாற்றிவிடுங்கள். எண்ணெய் அழுத்தத்துக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் மீட்டர் மட்டும் போதாது, காது கிழிகிற பஸர் வேண்டும். படகோட்டி வலையைப் பார்ப்பார், மீட்டரைப் பார்க்க மாட்டார்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் படகைக் கரையில் இரட்டைக் கயிற்றில் கட்டி, முன் கியரில் 1500 சுற்றில் 20 நிமிடம். சூடு ஏறி ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். ஏறிக்கொண்டே போனால் எங்கோ காற்று சிக்கியிருக்கிறது. பிறகு ஆழமான இடத்தில் முழுச் சுமையோடு ஒரு நிமிடம் முழு ஆக்சிலேட்டர். 2600 சுற்றையாவது தொட வேண்டும். 2200இலேயே நின்று கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம். புரொப்பல்லரைக் குறைக்க வேண்டும், என்ஜினைத் திட்டக் கூடாது. நீலப்புகை எண்ணெய் எரிவது. வெண்புகை சூடானதும் நிற்காவிட்டால் நாசிலையோ ஹெட் கேஸ்கட்டையோ பாருங்கள். எல்லாம் சரி என்றால் பம்ப் லீவரில் ஒரு போல்ட் வைத்து 2200க்கு மேல் போகாமல் தடுத்துவிடுங்கள். ஓட்டப்போவது நீங்கள் மட்டுமல்ல, உங்கள் மச்சானும்தான்.

காருக்குக் கிலோமீட்டர், படகுக்கு மணி. ஒரு மணிக்கணக்கு மீட்டர் மாட்டுங்கள். முதல் 10 மணியில் எண்ணெய் மாற்றி, ஹெட் போல்ட்டையும் அலைன்மென்ட்டையும் மறுபடி பாருங்கள். பிறகு 100 மணிக்கு ஒருமுறை எண்ணெய். டீசல், 12 குதிரைத்திறன் எடுக்கும் ஓட்டத்தில் மணிக்கு 3 லிட்டரை ஒட்டி வரும். திடீரென்று நாலு ஆனால் அடியில் கொட்டலசு ஏறியிருக்கும், அல்லது புரொப்பல்லரில் வலை சுற்றியிருக்கும்.

படகில் ஒரு தகரப்பெட்டி இருக்கட்டும்: ஃபேன் பெல்ட் ஒன்று, டீசல் ஃபில்டர் இரண்டு, ரேடியேட்டர் ஹோஸ் துண்டும் கிளிப்பும், கிளாண்ட் கயிறு ஒரு முழம், 4 லிட்டர் எண்ணெய், நல்ல தண்ணீர் ஒரு கேன், புரொப்பல்லரில் சுற்றும் வலையை அறுக்கப் பல் வைத்த அரிவாள். நங்கூரமும், படகை ஊன்றித் தள்ளும் தாங்குகோலும் பழைய இடத்திலேயே இருக்கட்டும். என்ஜின் வந்த மகிழ்ச்சியில் சித்தப்பா தாங்குகோலைப் பந்தல்காலாக நட்டுவிட்டார். ஆகாயத்தாமரை மாட்டிய அன்று நாங்கள் லகூனில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.